மகாதமனி வால்வு சுருக்கமும் ரத்தக் கொழுப்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் சோதனை) எடுத்த இடத்தில் "மகாதமனி வால்வு தடித்திருக்கிறது", "கால்சியம் படிந்திருக்கிறது", "லேசான சுருக்கம்" என்று எழுதிக் கொடுத்தால், வீட்டில் உடனே எழும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் 55, 60 வயதுக்கு மேல் வரும் கால்சியம் படிந்த சுருக்கத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கொழுப்புக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்? கொழுப்பு ரத்தக் குழாயைத்தானே அடைக்கும்?

இரண்டையும் பாதிக்கும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது மகாதமனி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். முழுதாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர செ.மீ. வழி கிடைக்கும். நாளுக்கு ஒரு லட்சம் தடவைபோல அது திறந்து மூடுகிறது. அந்த உராய்வில் இதழின் மேல்தோல் சேதமாகும் இடங்களில் ரத்தத்தில் உள்ள கொழுப்புத் துகள்கள் உள்ளே கசிகின்றன. அங்கே அவை ஆக்சிஜனேற்றம் அடைந்து அழற்சியைக் கிளப்புகின்றன. இதழுக்குள் இருக்கும் செல்கள் மெல்ல மெல்ல எலும்பை உண்டாக்கும் செல்களின் குணத்துக்கு மாறி, கால்சியத்தைப் படிய வைக்கின்றன. வயதானவர்கள் சிலரின் வால்வை வெட்டிப் பார்த்தால் உள்ளே உண்மையான எலும்புத் திசுவே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தைத் தொடங்கி வைப்பதில் கொழுப்புக்குப் பெரிய பங்கு. கால்சியம் ஓரளவு படிந்துவிட்ட பிறகு அதுவே இதழை விறைப்பாக்கி, விறைப்பு மேலும் காயமாக்கி, காயம் மேலும் கால்சியத்தைச் சேர்க்கிறது. இந்த இரண்டாம் கட்டம் கொழுப்பு இல்லாமலேயே தானாக ஓடும். கீழே வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டில்தான் நிற்கின்றன.

கொழுப்பு டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றார்களே! பிறகு எப்படி வந்தது?

சாதாரண லிப்பிட் புரொஃபைலில் மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு), எச்.டி.எல். (நல்ல கொழுப்பு), ட்ரைகிளிசரைடு ஆகியவை வரும். வால்வு விஷயத்தில் முக்கியமான ஒன்று அதில் தனியாக வருவதில்லை. அதன் பெயர் லிப்போபுரோட்டீன்-ஏ; சுருக்கமாக எல்.பி.ஏ. 1963-ல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டறிந்தது. எல்.டி.எல். துகள் போன்றதுதான், ஆனால் அதன்மேல் அப்போ-ஏ என்ற கூடுதல் புரதம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்த பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையை ரத்தத்தில் அதிகம் சுமந்து திரிவது இந்தத் துகள்தான். வால்வில் அழற்சியைக் கிளப்பும் ஆட்டோடாக்சின் என்ற நொதியும் இதோடு சேர்ந்தே வருகிறது.

எல்.பி.ஏ.வின் அளவைப் பெரும்பாலும் பரம்பரைதான் தீர்மானிக்கிறது. ஒல்லியாக இருப்பவர், சைவம் சாப்பிடுபவர், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் ஆகியோரிடமும் எகிறியிருக்கலாம். 2013-ல் வெளியான மரபணு ஆய்வில், எல்.பி.ஏ. மரபணுவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு வால்வில் கால்சியம் படியும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்று தெரிந்தது. பிறவியிலேயே வரும் மாற்றம் என்பதால், "நோய் வந்ததால் கொழுப்பு ஏறியது" என்று திருப்பிச் சொல்ல வழியில்லை. எல்.டி.எல்.லுக்கும் இதே போன்ற மரபணுச் சான்று இருக்கிறது. ஆனால் வால்வைப் பொறுத்தவரை எல்.பி.ஏ.வின் கை ஓங்கியது.

பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தகவல் திரட்டில் வெள்ளையரின் நடுமட்ட எல்.பி.ஏ. அளவு லிட்டருக்கு 19 நானோமோல், தெற்காசியருக்கு 31. ஆகவே இந்தச் சோதனையில் நமக்கு அக்கறை கூடுதலாக இருக்க வேண்டும்.

எல்.பி.ஏ. சோதனையை எப்படிச் செய்வது? வெறும் வயிறு வேண்டுமா?

வேண்டாம். எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும், அளவு பெரிதாக மாறாது. காய்ச்சல், கிருமித்தொற்று, மாரடைப்பு வந்த வாரங்களில் எடுக்க வேண்டாம். தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகும் சிறுநீரக நோய் இரண்டும் அளவை ஏற்றிக் காட்டும். கல்லீரல் நோய் இறக்கிக் காட்டும்.

நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் மாதிரியை எடுத்து வெளியூர்ப் பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். ஆகவே சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "அப்போ ஏ-1" என்பது வேறு சோதனை. அது நல்ல கொழுப்பில் இருக்கும் புரதம். பெயர் ஒத்துப்போவதால் அதை எடுத்துக் கொடுத்துவிடுவது நடக்கக்கூடிய தவறு. பணம் கட்டும் முன் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அலகையும் பாருங்கள். சில லேப் மி.கி./டெ.லி.யில் தரும், சில நானோமோல்/லிட்டரில் தரும். துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒரே எண்ணால் பெருக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. 30 மி.கி.க்கு (75 நானோமோல்) கீழே இருந்தால் இந்தக் காரணத்தை விட்டுவிடலாம். 50 மி.கி.க்கு (125 நானோமோல்) மேலே என்றால் அதிகம். நடுவில் இருப்பவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

எல்.பி.ஏ. அதிகம் என்றால் வால்வு எவ்வளவு வேகமாகக் கெடும்?

சராசரிக் கணக்கு முதலில்: வழி குறுகக் குறுக ரத்தம் வேகமாகப் பீய்ச்சும்; சுருக்கம் தொடங்கிய வால்வில் அந்த வேகம் ஆண்டுக்குச் சுமார் 0.3 மீ./வினாடி கூடும், வழி ஆண்டுக்கு 0.1 சதுர செ.மீ. அளவு குறையும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். பத்தாண்டு அப்படியே இருப்பவரும் உண்டு, மூன்றே ஆண்டில் கடுமையாகிறவரும் உண்டு.

ஆஸ்ட்ரனாமர் என்ற கனடிய ஆய்வின் நோயாளிகளை எல்.பி.ஏ. அளவின்படி மூன்றாகப் பிரித்தார்கள். மேல் பகுதியில் (58.5 மி.கி.க்கு மேல்) இருந்தவர்களுக்கு வேகம் ஆண்டுக்கு 0.26 மீ. கூடியது, மற்றவர்களுக்கு 0.17. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று 2.8 மீ./வினாடி இருப்பவர் கடுமையான சுருக்கத்தின் எல்லையான 4.0-ஐத் தொட முதல் கணக்கில் சுமார் நாலரை ஆண்டு, இரண்டாவதில் ஏழு ஆண்டு. 60 வயதுக்காரருக்கு இது சிறிய விஷயமில்லை.

அதே சமயம், ராட்டர்டாம் மக்களிடம் நடந்த சி.டி. ஆய்வில் எல்.பி.ஏ. அதிகமானவர்களுக்குப் புதிதாகக் கால்சியம் படிவது அதிகமாக இருந்ததே தவிர, ஏற்கெனவே படிந்தது வளரும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முதலில் சொன்ன இரண்டு கட்டக் கதைக்கு இது பொருந்துகிறது. எங்கள் பார்வையில் எல்.பி.ஏ. அதிகம் என்பது "எக்கோ தேதியைத் தவறவிடாதே" என்ற எச்சரிக்கை. அதை வைத்து நாள் குறிக்க முடியாது.

கொழுப்பு மாத்திரை போட்டால் வால்வு சரியாகுமா?

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்வது நல்லது, ஏனென்றால் இந்த நம்பிக்கையில் எக்கோவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று பெரிய சோதனைகள் நடந்தன. சால்டையர் (2005) அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. கொடுத்துப் பார்த்தது. சீஸ் (2008) 1,873 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி.யும் எசெட்டிமைப் 10 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்தது. ஆஸ்ட்ரனாமர் (2010) ரோசுவாஸ்டாட்டின் 40 மி.கி. கொடுத்தது. எல்.டி.எல். ஏறத்தாழப் பாதியாக இறங்கியும் வால்வு சுருங்கும் வேகம் குறையவில்லை.

காரணம் இரண்டு. சோதனையில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே இரண்டாம் கட்டத்தில் இருந்தவர்கள். மேலும் ஸ்டாட்டின் (மேலே சொன்ன அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளின் பொதுப்பெயர்) எல்.பி.ஏ.வைக் குறைக்காது, சிலருக்குச் சற்று ஏற்றவும் செய்யும்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றால், கூடாது. வால்வு சுருக்கம் உள்ளவர்களில் பலருக்கு இதய ரத்தக் குழாய்களிலும் கொழுப்புப் படிவு இருக்கும். சீஸ் ஆய்விலேயே ரத்தக்குழாய் அடைப்பு சார்ந்த நிகழ்வுகள் குறைந்தன. சர்க்கரை, மாரடைப்பு, ஸ்டென்ட் இதில் ஏதாவது இருந்தால் ஸ்டாட்டின் குழாய்க்காக, வால்வுக்காக அல்ல. எல்.பி.ஏ. அதிகம் உள்ளவர் எல்.டி.எல்.லை இன்னும் கறாராக, 70-க்குக் கீழே வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

எல்.பி.ஏ.வையே குறைக்கும் மருந்து இல்லையா?

எல்.டி.எல்.லைக் குறைக்கப் போடும் பி.சி.எஸ்.கே.-9 ஊசிகள் எல்.பி.ஏ.வையும் 20 முதல் 30 சதவீதம் குறைக்கும். விலை அதிகம், இந்தக் காரணத்துக்கென்று மட்டும் போடுவதில்லை. நியாசின் மாத்திரையும் ஓரளவு குறைக்கும், ஆனால் 2011-லும் 2014-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் மாரடைப்பைத் தடுக்கவில்லை, சர்க்கரையை ஏற்றியது. பழைய சீட்டில் நியாசின் இருந்தால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். எல்.பி.ஏ. உற்பத்தியையே கல்லீரலில் தடுக்கும் பெலகார்சென், ஓல்பாசிரான் போன்ற ஊசிகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைக்கின்றன. அவை ஆய்வுகளில் சோதிக்கப்படும் மருந்துகள், பென்னாகரம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. பூண்டு, வெந்தயம், "கொழுப்பைக் கரைக்கும்" கஷாயப் பொட்டலம் எதுவும் எல்.பி.ஏ.வை இறக்காது. வைட்டமின் கே-2 மாத்திரையும் அப்படித்தான்: டென்மார்க்கில் வால்வில் கால்சியம் படிந்த 365 ஆண்களுக்கு இரண்டு ஆண்டு கே-2, டி இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள், கால்சியம் கூடும் வேகம் மாறவில்லை.

கேழ்வரகில் கால்சியம் அதிகமாமே. களி சாப்பிடுவதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் உணவில் வரும் கால்சியம் நேராகப் போய் வால்வில் உட்காருவதில்லை. ரத்தத்தில் அதன் அளவை உடம்பு இறுக்கமாகக் காக்கிறது. வால்வில் படிவது அங்குள்ள செல்கள் மாறிப்போனதன் விளைவு. காலையில் களியோ கூழோ தாராளமாகச் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ளும் ஊறுகாயின் உப்பைக் கவனியுங்கள்; அதனால் ஏறும் ரத்த அழுத்தம், சுருங்கிய வால்வுக்குப் பின்னால் இருக்கும் இதயத்துக்கு இரட்டைச் சுமை.

கால்சியம் மாத்திரை வேறு விஷயம். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் போடுவதை நிறுத்தி, தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் தாறுமாறாவதால் வால்வு வேகமாகச் சுருங்கும். அவர்கள் உணவை சிறுநீரக மருத்துவர் சொல்படி மட்டும் மாற்ற வேண்டும்.

ரேஷன் பாமாயில்?

பாமாயிலில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் 20-க்குள். எல்.டி.எல். ஏறும். எண்ணெயை மாற்றினாலும் எல்.பி.ஏ. இறங்காது என்பதையும் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு. வால்வில் கால்சியம் அதனால் வந்ததா?

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. ஆனால் ஃப்ளோரைடு வால்வைச் சுருக்குகிறது என்று நிரூபணமாகவில்லை. எல்.பி.ஏ., பிறவியிலேயே இரண்டே இதழ் உள்ள வால்வு, வயது, சர்க்கரை, புகை, சிறுநீரகம் இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

ஃப்ளோரைடு வேறொரு வழியில் குறுக்கே வரும், அதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. எலும்பு ஃப்ளோரோசிஸால் முதுகும் முட்டியும் இறுகியவர் நடப்பதையே குறைத்துவிடுவார். நடக்காதவருக்கு மூச்சு வாங்காது. "தொந்தரவு ஒன்றும் இல்லை" என்று சொல்லுவார், வால்வோ கடுமையாகச் சுருங்கியிருக்கும்.

மூச்சு வாங்கவில்லை என்கிறார். அப்படியானால் பயமில்லைதானே?

"மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் செய்தது எதை இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். தீர்த்தமலையில் நிற்காமல் ஏறியவர் இப்போது பாதியில் உட்காருகிறாரா? மாந்தோப்புக்கு நடந்து போனவர் வண்டி கேட்கிறாரா? கிரானைட் குவாரியில் வேலை செய்தவருக்கு வரும் மூச்சுத்திணறலைத் தூசு என்றும், பீடி என்றும் ஒதுக்கிவிடுவது சுலபம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து மர்மர் (ரத்தம் பாயும் இரைச்சல்) இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் (2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்) பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவது பெரிய உதவி. வால்வு நோயாளி அதோடு நின்றுவிடக்கூடாது, எக்கோவுக்கு நேரில்தான் போக வேண்டும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், மூச்சுத்திணறல் ஆகிய மூன்றில் ஒன்று வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். கடுமையான சுருக்கத்தில் அறிகுறி தொடங்கிய பிறகு வால்வை மாற்றாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள்.

எக்கோ ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

மூன்று எண்கள்: உச்ச வேகம், சராசரி அழுத்த வித்தியாசம், வால்வின் பரப்பு. வேகம் 2.0 முதல் 2.9 மீ./வினாடி லேசானது; 3.0 முதல் 3.9 நடுத்தரம், 4.0-க்கு மேல் கடுமை. சராசரி அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல், பரப்பு 1.0 சதுர செ.மீ.க்குக் கீழ் என்றாலும் கடுமை. வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் உச்ச அழுத்த வித்தியாசம் (சராசரி அல்ல) வரும்: 3 மீ. என்றால் 36, 4 மீ. என்றால் 64. ரிப்போர்ட்டில் உச்ச வேகமும் உச்ச அழுத்த வித்தியாசமும் ஒத்துப்போகவில்லை என்றால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், கேளுங்கள்.

லேசானதற்கு 3 முதல் 5 ஆண்டு, நடுத்தரத்துக்கு 1 முதல் 2 ஆண்டு, கடுமைக்கு 6 முதல் 12 மாதம் என்பது பொது இடைவெளி. எல்.பி.ஏ. அதிகம், கால்சியம் கனமாகத் தெரிகிறது என்றால் மருத்துவர் இதைச் சுருக்குவார். லிப்பிட் புரொஃபைலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் காசில் பாதியை எக்கோவுக்கு வைத்தால் வால்வு நோயாளிக்கு அதிகப் பயன்.

ஒரு எக்கோவில் பரப்பு 1.0, அடுத்ததில் 0.8 என்று வந்தால் உடனே நடுங்க வேண்டாம். வால்வுக்குக் கீழே உள்ள குழாயின் விட்டத்தை அளந்து வர்க்கப்படுத்தித்தான் பரப்பைக் கணக்கிடுகிறார்கள். விட்டம் 20 மி.மீ. என்பதை 18 என்று அளந்தாலே 1.0 சதுர செ.மீ. 0.81 ஆகிவிடும். வேகம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள், அது நம்பகமானது. முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள், எக்கோவுக்கு முன் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். பி.பி. மிக அதிகமாக இருந்தால் சுருக்கம் குறைவாகத் தெரியும். இதயம் பலவீனமாகி ரத்தத்தைத் தள்ள முடியாதவருக்கும் வேகம் குறைவாகவே காட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் சி.டி.யில் கால்சியம் எண்ணிக்கை பார்ப்பார்கள்: ஆண்களுக்கு 2,000, பெண்களுக்கு 1,200-க்கு மேல் என்றால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நெஞ்சு வலித்தால் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கலாமா?

சுருக்கம் கடுமையாக இருப்பவர் மருத்துவர் சொல்லாமல் வைக்கக்கூடாது. அந்த மாத்திரையால் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிய, இறுகிய வால்வால் அதற்கு ஈடாக ரத்தத்தைத் தள்ள முடியாது, பி.பி. விழுந்து மயங்கிவிடலாம். 108-ஐக் கூப்பிட்டு, "வால்வு சுருக்கம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. எனக்கும் இதுதானா?

ருமாட்டிக் காய்ச்சலால் வரும் வால்வு நோய் வேறு. அதில் பெரும்பாலும் இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல் வால்வும் சேர்ந்து பாதிக்கப்படும், இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசிதான் அங்கே முக்கியம். எல்.பி.ஏ. அந்த நோயின் காரணமல்ல.

பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா? நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள்.

ஒருவருக்கு எல்.பி.ஏ. மிக அதிகம் என்றால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒருமுறை பார்த்துவிடலாம். வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ் இருந்தால் (நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு உண்டு) அவர்களுக்கு எக்கோவும் எடுக்க வேண்டும். இத்தகைய வால்வில் சுருக்கம் பத்து, இருபது ஆண்டு முன்னதாகவே வரும்.

சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்தால், எல்.டி.எல். 400-க்கு மேல் போகும். முழங்கை, முட்டி, குதிகால் தசைநாணில் மஞ்சள் கட்டிகள் தெரியும். பத்து, பன்னிரண்டு வயதிலேயே மகாதமனி வால்வும் அதற்கு மேலுள்ள குழாயும் சுருங்கலாம். அந்தக் கட்டியைத் தோல் நோய் என்று களிம்பு தடவிக் காலம் கடத்தக்கூடாது. இங்கே எல்.டி.எல்.லைச் சீக்கிரம் குறைப்பது உயிர் காக்கும் வேலை.

வால்வை மாற்ற வேண்டும் என்றால் என்ன செய்வது, எவ்வளவு ஆகும்?

துருவேறி இறுகிய கீலை எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முடியாத நிலையில் மாற்றத்தான் வேண்டும். மார்பைத் திறந்து வால்வை மாற்றுவது ஒரு வழி. தொடை வழியாக டாவி முறையில் புது வால்வைப் பொருத்துவது இன்னொன்று. 65 வயதுக்குக் கீழ் பொதுவாக அறுவை, 75, 80-க்கு மேல் டாவி, நடுவில் உள்ளவர்களுக்கு உடல்நிலையைப் பார்த்து. உலோக வால்வு நீடிக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையும் உண்டு. திசு வால்வு பொதுவாக 10 முதல் 15 ஆண்டு உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா உலோக வால்வு 1990 டிசம்பரிலிருந்து பொருத்தப்பட்டு வருகிறது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு.

முதற்கட்டப் பரிசோதனைக்குத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அறுவைக்குச் சேலம், வேலூர், சென்னை, பெங்களூரு என்று போவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாவிட்டால் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் எடுக்கலாம். அறுவைத் தேதி குறித்த பிறகு அலையாமல், எக்கோவில் "நடுத்தரம்" என்று வந்ததுமே அட்டையை எடுத்து வையுங்கள். பெங்களூரு போவதானால், போகிற மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது வால்வு வைத்தாகிவிட்டது. கொழுப்பு மாத்திரை இனி எதற்கு?

எல்.பி.ஏ. வால்வோடு வெளியே போய்விடவில்லை, ரத்தத்தில் அதே அளவில்தான் இருக்கிறது. இதயக் குழாய்க்கு ஆபத்து அப்படியே. ஸ்டாட்டின் தொடர வேண்டும். பல் பிடுங்கும் முன் செயற்கை வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லி, கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் முருங்கைக்கீரை, மற்ற கீரைகளை ஒரு வாரம் குவித்துச் சாப்பிட்டு, அடுத்த வாரம் அடியோடு விடக்கூடாது; வாரா வாரம் ஒரே அளவாக வைத்துக்கொண்டால் ஐ.என்.ஆர். எண் நிலையாக இருக்கும்.